புதுப்பிப்பு: எப்போதாவது மட்டும் வந்த 1213 பிழைக்குக் காரணம் கிடைத்தது

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஆர்டர் பதிவாகும்போது திடீர் திடீரென்று 1213 பிழை (டெட்லாக்: இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்திருந்து முடங்குவது) வருகிறது, அதே வினவலைக் கையால் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் ஸ்டேட்டஸ் அறிக்கை கடைசி டெட்லாக்கை மட்டுமே காட்டும். அதனால் ‘இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்’ அமைப்பை ஆன் செய்தேன். அப்புறம் ஒவ்வொன்றும் எரர் லாகில் பதிவாகத் தொடங்கியது. எல்லாவற்றிலும் ஒரே ஜோடிதான்: ஆர்டர் பதிவும், பின்னணியில் ஓடும் ஸ்டாக் சரிபார்ப்பும். சரிபார்ப்பு பொருள் எண் ஏறுமுகமாக ரோக்களைப் பூட்டுகிறது. ஆர்டரோ கூடையில் சேர்த்த வரிசைப்படி பூட்டுகிறது. உதாரணமாக, பொருள் எண் 5-ஐ ஒன்று பிடித்துக்கொண்டு 9-க்குக் காத்திருக்க, மற்றது 9-ஐ வைத்துக்கொண்டு 5-ஐக் கேட்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் மோதினால்தான் பிழை. தனியாக ஓட்டினால் எப்படி வரும்?

இப்போது ஆர்டரிலும் பொருள் எண்படி வரிசைப்படுத்திவிட்டே அப்டேட் செய்கிறோம். அதற்குப் பிறகு இந்த ஜோடி லாகில் தலைகாட்டவில்லை.

லாக் வெயிட் டைம்அவுட்டைக் கூட்டச் சொன்னவர்களுக்கு: அது, பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் தீர்ந்தால் வரும் 1205 பிழைக்கானது. டெட்லாக்கை இன்னோடிபி வழக்கமாக உடனே கண்டுபிடித்து, ஒரு டிரான்சாக்‌ஷனை முழுவதுமாக ரோல்பேக் செய்துவிடும், அதாவது ஒரே தொகுப்பாக ஓடிய அதன் வினவல்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் ரத்தாகும். எனவே மறுமுயற்சி செய்தால் டிரான்சாக்‌ஷனின் தொடக்கத்திலிருந்தே செய்யுங்கள். கடைசி வினவலை மட்டும் மறுபடி ஓட்டினால் தரவு அரைகுறையாக நிற்கும்.