மழையில் பாரிஸ், பாதியில் தூங்கிப்போன என் மகள்

ஒலிம்பிக் தொடக்க விழா என்றால் எனக்கு ரொம்ப நாள் 2008 பெய்ஜிங்தான். 2008 பேர் ஒரே அடியாக முரசடித்தது, ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் லீ நிங் கயிற்றில் தொங்கியபடி மைதானத்தின் மேல் விளிம்பைச் சுற்றி ஓடிவந்து ஜோதி ஏற்றியது, எல்லாம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் வானத்தில் பாதச்சுவடு பாதச்சுவடாக நடந்துவந்த அந்த வாணவேடிக்கை, டிவியில் நாம் பார்த்தது முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து வைத்தது என்று பின்னால் தெரிந்தபோது சப்பென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் எந்த விழாவையும் ஒரு சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

அந்தச் சந்தேகத்தை 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் மழை கழுவிவிட்டது. கொட்டுகிற மழையை யார் ஒத்திகை பார்க்க முடியும்?

இந்திய நேரம் இரவு 11 மணிக்குத் தொடங்கியது. கோடைக்கால ஒலிம்பிக்கில் முதல்முறையாக மைதானத்துக்கு வெளியே, சேன் நதியில் சுமார் ஆறு கிலோமீட்டருக்குப் படகு ஊர்வலம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், நம் படகைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். சிந்துவும் சரத் கமலும் கொடி பிடிக்கிறார்கள் என்று நான்தான் ஆசை காட்டியிருந்தேன். நாடுகள் அகர வரிசையில் வருவதால், ஹங்கேரி வந்துவிட்டால் நாம் நெருங்கிவிட்டோம் என்று எனக்கு ஒரு கணக்கு. ஆனால் இங்கே நாலு படகு, ஒரு நடனம், முகமூடி போட்ட ஒருவர் கூரை மேல் ஓட்டம், மறுபடி நாலு படகு என்று போனதால் கணக்கெல்லாம் குழம்பிப்போனது. நடுவில் விளம்பரம் வேறு. அவள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நம் படகு வந்ததும் உலுக்கி எழுப்பினேன், அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு "எங்கப்பா?" என்று கேட்பதற்குள் கேமரா வேறு படகுக்குப் போய்விட்டது. மைதானத்தில் என்றால் ஓடுபாதையைச் சுற்றி வரும்வரை கொஞ்ச நேரமாவது ஆளைப் பார்க்கலாம். இந்த விஷயத்தில் பாரிஸ்காரர்கள் மேல் எனக்கு இன்னமும் கோபம்தான்.

தவறுகளும் நடந்தன. தென் கொரிய அணியை வட கொரியாவின் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள், ஒலிம்பிக் கமிட்டி அப்புறம் மன்னிப்புக் கேட்டது. கடைசியில் ஒலிம்பிக் கொடியையே தலைகீழாக ஏற்றினார்கள். வெள்ளிக் கவசம் போட்ட பெண் இரும்புக் குதிரையில் நதி மேல் வந்த காட்சி அழகுதான், ஆனால் வந்துகொண்டே இருந்தது, நான் எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் குதிரை போய்ச் சேரவில்லை.

ஆனால் ஒரு காட்சி. அலெக்ஸாந்த்ர் காந்தரோவ் என்ற இளைஞர் கொட்டும் மழையில் பியானோ வாசித்தார். பியானோவின் மூடி மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, கட்டைகள் நனைந்து பளபளக்கின்றன, விரல் வழுக்காதா என்று எனக்குத்தான் பதற்றம், அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. வாசித்தது பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் இசை, அதன் பெயருக்கே தண்ணீரின் விளையாட்டு என்று பொருளாம். மழை வருமென்று தெரிந்தா தேர்ந்தெடுத்திருப்பார்கள்!

கடைசியில் ஜோதி 100 வயது சார்ல்ஸ் கோஸ்தின் கைக்கு வந்தது. 1948 ஒலிம்பிக்கில் சைக்கிள் போட்டியில் தங்கம் வென்றவர், சக்கர நாற்காலியில் இருந்தார். அவரிடமிருந்து ஓட்டப்பந்தய வீராங்கனை மரி ஜோசே பெரெக்கும் ஜூடோ வீரர் டெடி ரினேரும் வாங்கிப்போய் ஏற்ற, ராட்சத பலூன் ஒன்று நெருப்பு வளையத்தோடு மேலே எழும்பியது. அப்புறம் ஐஃபில் கோபுரத்திலிருந்து செலின் தியோன் பாடினார். நோயால் சில வருடங்கள் மேடையே ஏறாதவர். அந்தப் பாட்டு முடியும்வரை நான் அசையவில்லை. மணி மூன்றை நெருங்கியிருந்தது.

காலையில் மகள் முதலில் கேட்டது, "என்னை ஏன் எழுப்பல?" எழுப்பினேன் என்றால் நம்பவில்லை. சரி என்று பலூன் காட்சியை மொபைலில் காட்டினேன். அவ்வளவு மழையில் நெருப்பு எப்படி அணையவில்லை என்று கேட்டாள். அது நெருப்பே இல்லை, நீர்த்திவலைகள் மேல் விளக்கு வெளிச்சம் அடித்து நெருப்பு மாதிரி காட்டுகிறார்கள் என்றேன். அதையும் நம்பவில்லை.