உணரித் துப்புரவு, துருத்தி, தூசுப்புள்ளி: மூன்று சொற்களுக்கு மாற்று முன்மொழிவு

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே சேரும் தூசியை நீக்குவது குறித்த உரையாடலில் பேராசிரியர் ஐயா மூன்று சொற்களை முன்வைத்திருந்தார். செயலுக்கு "உணரித் துப்புரவு" (உணரி என்பது ஒளியைப் படமாக மாற்றும் சென்சார்), காற்றை ஊதும் ரப்பர்க் கருவிக்குத் "துருத்தி", படத்தில் தெரியும் கறைக்குத் "தூசுப்புள்ளி" என்பன அவை. ஐயாவின் மீதுள்ள மதிப்பு குறையாமலே, மூன்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். மதுரையில் திருமணமும் திருவிழாவும் படமெடுக்கும் இளைஞர்களுக்காக நாங்கள் ஆயத்தம் செய்யும் பராமரிப்புக் கையேட்டில் இச்சொற்கள் இடம்பெறவிருக்கின்றன. அதைப் படிப்பவர் ஒரு கையில் நூலையும் மறு கையில் திறந்த கேமராவையும் வைத்திருப்பார். எனவே சொல் அழகாக இருந்தால் மட்டும் போதாது, அவர் கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்லவும் வேண்டும்.

முதலில் "உணரித் துப்புரவு". தூசி உண்மையில் உணரியின் மேல் படிவதில்லை. உணரிக்கு முன்னால், சிறு இடைவெளி விட்டு, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி அடுக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. தூசி படிவதும் நாம் துடைப்பதும் அதன் வெளிமுகத்தில்தான். அந்த இடைவெளியே இந்தச் சிக்கலின் இயல்பைத் தீர்மானிக்கிறது. லென்ஸில் ஒளி நுழையும் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) எஃப் 2.8 அளவில் அகலத் திறந்து வைத்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடுகிறது. எஃப் 16 அல்லது எஃப் 22 அளவுக்குச் சுருக்கினால் ஒளிக்கூம்பு ஒடுங்கி, அதே தூசி கருத்த வட்டமாக விழுகிறது. தூசி உணரியையே தொட்டுக்கொண்டிருந்தால் ஒளித்துளையை மாற்றுவதால் இவ்வளவு வேறுபாடு வராது. "உணரியைத் துடை" என்று எழுதினால் மாணவர் இந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள மாட்டார்.

அப்படியானால் "கண்ணாடித் துடைப்பு" என்று எழுதிவிடலாமா? அதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்ஸைக் கழற்றியவுடன் கண்ணில் படுவது, ஒளியை மேலே திருப்பி விடும் பிரதிபலிப்புக் கண்ணாடி. அதன் பூச்சு பின்புறத்தில் இல்லை, முன்முகத்திலேயே இருக்கிறது. துணி பட்டாலே கீறல் விழும். அதில் தூசி இருந்தாலும் படத்தில் வருவதில்லை, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத் துளையில் (வியூஃபைண்டர்) மட்டுமே தெரியும் என்பதால் அதைத் துடைக்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. "கண்ணாடியைத் துடையுங்கள்" என்ற ஒரு வரியை நம்பி அதைத் துடைத்துவிட்ட ஒருவருக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆகவே இரண்டு கண்ணாடிகளுக்கும் இரண்டு பெயர்கள் வேண்டும். பிரதிபலிப்பதற்கு "ஆடி" என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூல்கள் குழியாடி, குவியாடி என்று ஏற்கெனவே நிலைநிறுத்திவிட்டன; அதையே எடுத்துக்கொள்வோம். உணரிக்கு முன்னால் இருப்பதற்கு "வடிதகடு" என்ற சொல்லை முன்மொழிகிறேன். தகடு என்றால் உலோகம் நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். ஆனால் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு என்பது பழகிய வழக்கு. "ஆடியைத் தூக்கி நிறுத்து, வடிதகட்டைத் துடை" என்று எழுதினால் கை தவறாது. ஆடியை உயர்த்தி நிறுத்துவதற்கென்றே கேமராவின் பட்டியலில் (மெனு) தனி வசதி உண்டு என்பதையும், மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அதே பத்தியில் சேர்க்கலாம். நடுவில் மின்சாரம் தீர்ந்தால் ஆடி கீழே விழுந்து, துடைக்கும் குச்சியான துடைகோலில் மோதும்.

"துருத்தி" என்ற சொல்லுக்கு என் மறுப்பு மதுரைக்காரன் என்ற முறையில் எழுவது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதை இங்கே துருத்தி நீர் தெளித்தல் என்கிறோம். எங்கள் காதில் துருத்தி என்றால் நீர் வரும் கருவி. கேமராவுக்குள் எது போகவே கூடாது என்கிறோமோ, அதையே இந்தச் சொல் முதலில் நினைவூட்டுகிறது. அழுத்திய வாயு அடைத்த டப்பாவை உள்ளே பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் அதிலிருந்து திரவம் தெறித்து வடிதகட்டில் உறைந்து கறையாகும் என்பதே காரணம். வாயால் ஊதக் கூடாது என்பதும் எச்சில் தெறிப்பதால்தான். மேலும், பழைய மரக் கேமராக்களின் மடிப்புக் கூட்டுக்குத் துருத்தி என்ற பெயர் வடிவத்தாலும் செயலாலும் பொருந்துகிறது. அதற்காக அச்சொல்லை விட்டுவைப்பது நல்லது. கையால் அமுக்கும் ரப்பர் உருண்டைக்கு "ஊதுகுமிழ்" போதும். ஸ்டூடியோக்களில் ப்ளோயர் என்றே சொல்கிறார்கள். கையேட்டில் முதல்முறை இரண்டையும் சேர்த்தே எழுதுவோம்.

இனி "தூசுப்புள்ளி". பிக்சலுக்குப் படப்புள்ளி என்ற சொல் பரவிவிட்டது. உணரியின் பழுதால் ஒளிரும் புள்ளி விழுவது வேறொரு குறை. அது எவ்வளவு துடைத்தாலும் போகாது. இரண்டையும் புள்ளி என்றால் பழுதைத் தூசி என்று எண்ணி மீண்டும் மீண்டும் துடைப்பார்கள். "மாசு மறு" என்று இணைத்துச் சொல்லும் வழக்கிலிருந்து எடுத்து, படத்தில் விழும் கறையைப் "படமறு" என்று அழைக்கலாம். நிலவில் தெரியும் கறையையும் மறு என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். "மறுநாள்", "மறுபடி" ஆகியவற்றோடு குழம்பும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அவற்றில் மறு முன்னால் நிற்கிறது, இங்கே பின்னால் நிற்கிறது.

காரணத்துக்கும் விளைவுக்கும் தனித்தனிச் சொல் தேவை என்பதை ஒரு செயல்முறைக் குறிப்பே நிறுவும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கி விடுவதால், படமறு மேல் இடது மூலையில் இருந்தால், கேமராவின் வாயை நம் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது தூசி கீழ் இடது மூலையில் இருக்கும். மறு மேலே, தூசி கீழே. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள், வாக்கியமே நிற்காது.

துப்புரவின் மூன்று நிலைகளுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு ஒலிம்பஸ் இ-1 கேமராவில் மீயொலி (காதுக்கு எட்டாத மிகை அதிர்வெண் ஒலி) அதிர்வால் தூசியைத் தானே உதிர்க்கும் முறை வந்தது. 2006இல் கேனான் இஓஎஸ் 400டி போன்றவையும் அந்த வழியில் சென்றன. அதற்கு "உதறல்". ஊதுகுமிழால் செய்வது "ஊதல்". திரவம் நனைத்த துடைகோலால், உணரியின் அகலத்துக்கேற்ப ஒரே இழுப்பில் செய்வது "ஈரத் துடைப்பு". இவ்வரிசை மாறக் கூடாது. அவனியாபுரத்திலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் புழுதிக்கு நடுவே லென்ஸ் மாற்றியவரின் கேமராவில் மணல் துகள் இருக்கும். ஊதாமல் துடைத்தால் அதுவே வடிதகட்டைக் கீறும். ஆகவே உதிரக்கூடியதை "உதிர்தூசி" என்றும், ஈரத்தாலோ பிசுக்காலோ பற்றிக்கொண்டதை "ஒட்டுத்தூசி" என்றும் பிரித்து, ஒட்டுத்தூசிக்கு மட்டுமே ஈரத் துடைப்பு என்று விதி எழுதலாம்.

ஒன்றை மட்டும் குழுவிடம் விடுகிறேன். ஷட்டரின் மசகு எண்ணெய் சில நேரம் நுண்துளியாக வடிதகட்டில் தெறிக்கிறது. அதனால் விழுவதும் படமறுவே. ஆனால் அதைத் தூசி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. "எண்ணெய்த் தெறி" என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் பழுதுபார்க்கும் அன்பர்களின் வழக்கில் இருந்தால் அனுப்பி வையுங்கள்; அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்