களமெய்ப்பு: ‘கிரவுண்ட் ட்ரூத்திங்’ என்பதற்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் சுற்றுச்சூழல் கலைச்சொல் பட்டியலில் ‘கிரவுண்ட் ட்ரூத்திங்’ என்ற பதிவு இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் கண்டதை நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்யும் பணிக்கு இந்த இழையில் மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அம்பத்தூர் ஐயா ‘தரை உண்மை’ என்றார். கிண்டியில் தொலையுணர்வு கற்பிக்கும் அம்மையார் ‘களச் சரிபார்ப்பு’ என்றார். கடைசியாக எழுதிய இளைஞர், படம் பார்ப்பது முதல் புதிய உயிரினத்துக்குப் பெயரிடுவது வரையிலான முழுப் பணிக்கும் ‘விண்வழிக் கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல் போதும் என்றார். மூன்றையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சொல்லைத் தேர்வதற்கு முன்னால், அந்தப் பணி உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் உள்ள மாபு மலையை எடுத்துக்கொள்வோம். 2005-ஆம் ஆண்டு ஜூலியன் பெய்லிஸ் என்ற சூழலியலாளர் கூகுள் எர்த் படங்களில் அந்த வட்டாரத்தின் உயரமான மலைகளைத் தேடியபோது, அறிவியல் பதிவேடுகளில் இடம்பெறாத கரும்பச்சைக் காடு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 7,000 ஹெக்டேர். படம் அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்: இங்கே அடர்ந்த காடு இருக்கக்கூடும். அது இயற்கைக் காடா, தோட்டமா, மரங்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையெல்லாம் படம் சொல்லவில்லை. 2008-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் அங்கே சென்று தங்கினார்கள். அதன் பிறகே ‘அதெரிஸ் மாபுயென்சிஸ்’ என்ற விரியன் 2009-இலும், அந்த மலைக்கே உரிய ஒரு பச்சோந்தி 2010-இலும் அறிவியல் பெயர் பெற்றன.

ஒரு புதிய இனத்துக்குப் பெயரிட வேண்டுமானால் அதன் வகைமாதிரி வேண்டும். பிடிக்கப்பட்ட ஓர் உயிரியோ பறிக்கப்பட்ட ஒரு செடியோ, எங்கே எப்போது யாரால் எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு, பிற ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகத்திலோ உலர்தாவரத் தொகுப்பிலோ வைக்கப்பட வேண்டும். செதில்களின் வரிசையை எண்ணி, பல்லமைப்பைப் பார்த்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு எழுதும் விளக்கம்தான் புதிய இனத்தை நிறுவுகிறது. எனவே ‘செயற்கைக்கோள் புதிய இனத்தைக் கண்டுபிடித்தது’ என்று நாளிதழ்கள் எழுதும் தொடர் பிழையானது. ‘விண்வழிக் கண்டுபிடிப்பு’ என்ற சொல் அந்தப் பிழையைப் பாடநூலுக்குள்ளும் கொண்டுவந்துவிடும்.

இந்தச் சொல்லில் இன்னொரு குறையும் உண்டு. என்னை அதிகம் உறுத்துவது அதுதான். மாபு மலை அடிவாரத்து மக்களுக்கு அந்தக் காடு புதிதன்று. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பலர் அந்தக் காட்டுக்குள் ஒளிந்துதான் உயிர் தப்பினார்கள். உலகத்துக்குத் தெரியாதது என்பதும் அறிவியல் ஏட்டில் பதியப்படாதது என்பதும் ஒன்றல்ல. அதே பெய்லிஸ் 2012-இல் அதே நாட்டில் லிக்கோ என்ற மலையையும் படத்தில் பார்த்தார். செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு மேலே, கிண்ணம்போல் அமைந்த உச்சியில், தனித்து நிற்கும் காடு அது. 2018-இல் பாறை ஏறுவோரின் துணையோடு ஆய்வுக்குழு மேலே சென்றது. மனிதக் கால்படாத காடு என்று எண்ணி ஏறியவர்களுக்கு, அங்கே ஓடும் நீரோடையின் அருகில் பழைய மண்பானைகள் கிடைத்தன. யாரோ, எப்போதோ, எப்படியோ அந்தச் சுவரில் ஏறிப் பானை வைத்திருக்கிறார்கள். எந்தச் செயற்கைக்கோளும் காட்டியிருக்க முடியாத செய்தி இது.

இந்த இரண்டு மலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘களச் சரிபார்ப்பு’ என்ற சொல்லைப் பார்க்கிறேன். அம்மையாரின் சொல் நல்ல தமிழ். எவருக்கும் உடனே விளங்கும். வகைப்படுத்திய நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் துல்லியத்தை மதிப்பிடும் வேலைக்கு அது முற்றிலும் பொருந்துகிறது. ஆனால் சரிபார்த்தல் என்றால் விடை ஒன்று முன்பே கையில் இருக்கிறது, அது சரியா தவறா என்று பார்க்கிறோம் என்றுதான் பொருள்படும். லிக்கோ உச்சியின் மண்பானைகள் எந்த விடையின் சரிபார்ப்பு? களம் படத்தை ஒப்புக்கொள்வதோடு நிற்பதில்லை. படத்தில் இல்லாததையும் சேர்த்துத் தருகிறது. நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டு பொருளையும் தாங்க வேண்டும்.

‘தரை உண்மை’ என்பது ஆங்கிலச் சொல்லின் இரு பகுதிகளையும் அப்படியே பெயர்த்தது. தரை என்பதே முதல் இடர். இந்தப் பணி பனிமேலும் நடக்கிறது, கடலிலும் நடக்கிறது. அண்டார்க்டிகாவின் பேரரசப் பெங்குவின்களைத் தேடிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2009-இல் லேண்ட்சாட் என்ற அமெரிக்கப் புவி நோக்குச் செயற்கைக்கோள்களின் படங்களில் பறவைகளைப் பார்க்கவில்லை. அந்தப் படங்களில் ஒரு தனிப் பறவை தெரிய வாய்ப்பே இல்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கூடிநிற்கும் கூட்டத்தின் எச்சம் வெண்பனிமேல் விட்ட பழுப்புக் கறையைத்தான் பார்த்தார்கள். அந்தக் கறையைக் கொண்டே அதுவரை பதிவாகாத பத்துக் குடியிருப்புகள் அடையாளம் காணப்பட்டன. அண்டார்க்டிகாவை ஒட்டிய டேஞ்சர் தீவுகளிலும் இப்படித்தான். எச்சக் கறையைப் படத்தில் பார்த்த பிறகு 2015 டிசம்பரில் நேரில் சென்று, கையால் எண்ணியும் டிரோன் படங்களைக் கொண்டும் கணக்கிட்டபோது, 7,50,000-க்கும் மேற்பட்ட அடேலி பெங்குவின் இணைகள் அங்கே வாழ்வது தெரியவந்தது. பனிப்பாறைக்கும் கடலுக்கும் பொருந்தாத ‘தரை’யைவிட, கள ஆய்வு, களப்பணி எனப் பழகிவிட்ட ‘களம்’ பரந்தது.

அடுத்தது ‘உண்மை’. இதைப் பெயர்ச்சொல்லாக வைத்தால் வினை பிறப்பதில்லை. ‘தரை உண்மை செய்தோம்’ என்று எந்த மாணவரும் எழுதமாட்டார். தரை உண்மை என்று தனியே ஒன்று இருந்தால் படத்தில் இருப்பது பொய் என்ற எண்ணமும் எழும். படம் பொய் சொல்வதில்லை. அது சொல்வதற்கு எல்லை உண்டு, அவ்வளவே. நம் ஊரிலேயே இதைப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பொய்வண்ணப் படத்தில், அண்மை அகச்சிவப்புக் கதிர்களைப் பசுமையான இலைகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், தாவரம் உள்ள இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். நீர்ப்பரப்பை மூடிய ஆகாயத்தாமரையும் சிவப்பு, பறவைகள் கூடு கட்டும் கோரையும் சிவப்பு. துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையின் ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு, ஒன்று நீரில் மிதந்து காற்றில் ஒதுங்குவதும், மற்றது சேற்றில் வேரூன்றி ஆள் உயரம் நிற்பதும், கோரை நடுவே தாழைக்கோழி நுழைவதும் தெரிந்துவிடும். பழனி மலையில் சோலையையும், அயலிலிருந்து வந்து பரவிய வாட்டில் மரத்தோப்பையும் படத்தில் பிரித்தறிய முயல்பவர்களுக்கும் இதே இடர்தான். இயல்வண்ணப் படத்தில் இரண்டும் அடர்பச்சையாகவே தெரியும்.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘களமெய்ப்பு’. மெய்ப்பித்தல் என்றால் உண்மையென நிறுவுதல். அச்சுத்துறையில் ‘மெய்ப்பு பார்த்தல்’ என்ற வழக்கு நெடுங்காலமாக இருக்கிறது. ராயப்பேட்டை அச்சகங்களில் இன்றும் கேட்கலாம். அச்சுப்படியோடு குழப்பம் வராதா என்று சிலர் கேட்கக்கூடும். வராது என்றே எண்ணுகிறேன். அந்த நினைவு வந்தால் அதுவும் நன்மைக்கே. மெய்ப்பு பார்ப்பவர் மூலப்படியை ஒரு பக்கமும் அச்சுத்தாளை மறுபக்கமும் வைத்து வரிவரியாக ஒப்பிடுவதைப்போலத்தான், கள ஆய்வாளரும் படத்தையும் இடத்தையும் ஒப்பிடுகிறார்; விடுபட்டதைச் சேர்ப்பதும் இருவருக்கும் கடமை. மெய்ப்பாடு என்னும் இலக்கணச் சொல்லோடு ஒலி நெருக்கம் இருந்தாலும், ‘கள’ என்ற முன்னொட்டு அதை விலக்கிவிடுகிறது. கிளைச்சொற்களும் எளிதில் வருகின்றன: களமெய்ப்பு செய்தல், களமெய்ப்புப் புள்ளி, களமெய்ப்புத் தரவு. ‘மழைக்காலம் முடிந்ததும் நாற்பது புள்ளிகளில் களமெய்ப்பு செய்தோம்’ என்று ஓர் ஆய்வேட்டில் எழுதிப் பார்த்தால் தொடர் தடுமாறுவதில்லை.

இதற்கு இணையாக, படம் தருவதற்கும் ஒரு பெயர் வேண்டும். இல்லாவிட்டால் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் மறுபடியும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் ‘துப்பு’ என்ற சொல்லே போதும். ‘தடயம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெங்குவின் எச்சத்துக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் மாபுவின் காடு எதனுடைய தடயமும் அன்று. துப்பு இரண்டுக்கும் பொருந்தும்; அது ஓரிடத்தைக் காட்டி அங்கே போகச் சொல்கிறது. போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாமல் திரும்பினாலும் துப்பு துப்புதான்.

இந்த இரு சொற்களையும் ஒரே நிகழ்ச்சியில் வைத்துக் காட்ட லேண்ட்சாட் தீவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் படங்களைக் கொண்டு கனடாவின் லாப்ரடார் கரையோரத்தை ஆய்ந்தபோது, கடலில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. அந்தப் படத்தில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் அகலமுள்ள நிலத்தைக் குறிக்கும். தீவோ 25 மீட்டர் அகலமும் 45 மீட்டர் நீளமும் மட்டுமே. ஒரு முழுப் படப்புள்ளிக்குக்கூட எட்டாத அளவு. இது துப்பு. 1976-இல் கனடா நீரியல் அளவைத் துறையின் ஃபிராங்க் ஹால் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டார். பாறையின் உச்சியில் படுத்திருந்த பனிக்கரடி அவரை நோக்கிக் கையை ஓங்கவே, அவரை உடனே மேலே இழுக்க வேண்டியதாயிற்று. இது களமெய்ப்பு. தீவு இருக்கிறது என்பதோடு, அதில் யார் இருக்கிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பட்டியலுக்கான என் வரைவு இது. துப்பு: செயற்கைக்கோள் படத்தில் காணப்பட்டு, நேரில் ஆய்வதற்குரியதாகக் குறிக்கப்படும் இடம் அல்லது அடையாளம். களமெய்ப்பு: படத்தில் கண்டதை அதே இடத்துக்குச் சென்று ஒப்பிட்டு உறுதிசெய்தலும், படத்தில் இல்லாததைப் பதிவுசெய்தலும். ‘களச் சரிபார்ப்பு’ வரைபடத் துல்லியத்தை மதிப்பிடும் குறுகிய பொருளில் தனிப் பதிவாகவே இருக்கட்டும். அம்மையார் இதற்கு இசைவார் என்று நம்புகிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு மற்றவர்களின் கருத்து தேவைப்படுகிறது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் படத்தில் குறித்துக்கொண்டு கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆய்வாளர்கள் நம் குழுவில் இருவராவது இருக்கிறார்கள். நீருக்கடியில் செய்யும் அந்த வேலையைக் ‘களம்’ என்று சொல்ல அவர்களுக்கு நா எழுகிறதா? படகோட்டும் மீனவர்களிடம் அதை எந்தச் சொல்லால் விளக்குகிறார்கள்? அதை எழுதினால், பதிவை முடிவுசெய்யும் முன் அந்தச் சொல்லையும் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து