கேனான் ஆர்6 மார்க் 2, உப்பளத்தில் முதல் நாள்: சித்தி முகம் ஏன் வெளுத்து வருகிறது?

முத்துநகர் படம்:

எல்லாருக்கும் வணக்கம். 11 வருடமாகக் கேனான் 6டி கேமரா வைத்துத்தான் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாம் எடுத்தேன். போன மாதம் ஆர்6 மார்க் 2 வாங்கினேன். அதில் எடுக்கும் முதல் படம் கூலிக்கு எடுத்ததாக இருக்கக் கூடாது என்று மனதுக்குள் இருந்தது. அதனால் சித்தியை எடுக்கப் போனேன்.

சித்தி 30 வருடத்துக்கு மேலாகத் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் எடுத்ததைத் தவிர அவருக்கென்று வீட்டில் ஒரு படம் கிடையாது. வேலைக்குப் போகிற கோலத்திலேயே எடுக்கச் சொன்னார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. காலை ஏழு மணிக்கு வரப்பில் நிற்க வைத்தேன். பின்னால் பாத்தித் தண்ணீர், அதற்கும் பின்னால் உப்புக் குவியல்.

லென்ஸ் பழைய 85 எம்எம் எஃப் 1.8தான், அடாப்டர் போட்டு மாட்டினேன். 6டியில் 11 ஃபோகஸ் புள்ளி, அதில் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப், அதாவது குறுக்கும் நெடுக்கும் பார்த்து நன்றாகப் பிடிக்கிற புள்ளி. நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பூட்டி, பிறகு ஃப்ரேமை நகர்த்துவேன். எஃப் 1.8இல், அதாவது லென்ஸை அகலத் திறந்து வைத்தால், அந்த நகர்த்தலிலேயே ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். அதற்குப் பயந்தே எஃப் 4க்குக் கீழே இறங்க மாட்டேன். இப்போது அதே லென்ஸ், துண்டு நிழலுக்குள் இருக்கிற சித்தியின் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் குனிந்தார், திரும்பினார், சிரித்தார், கண்ணைச் சுற்றிக் கேமரா காட்டுகிற ஃபோகஸ் பெட்டி கூடவே போனது. இத்தனை வருடத்தில் நான் ஆளை எடுக்கும்போது அந்த ஆளோடு பேசியதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. "அசையாதீங்க, இங்க பாருங்க" இது இரண்டையும் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே எடுத்தேன். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம் பற்றி, முதல் சம்பளம் பற்றி எல்லாம் சொன்னார்.

இப்போது கேள்வி. ஏவி மோடு (லென்ஸ் திறப்பை நான் வைப்பேன், ஷட்டரைக் கேமரா முடிவு செய்யும்), எஃப் 1.8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் பெரும்பாலும் 1/4000 நொடி பக்கம் வந்தது. ஃபோகஸ் எல்லாம் கச்சிதம். ஆனால் முகம் வெளுத்திருக்கிறது. சித்தி நல்ல கறுப்பு, வெயிலில் மின்னுகிற கறுப்பு. படத்தில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறார், பின்னால் உப்பு முழுக்க வெள்ளையாக அழிந்துவிட்டது. அவர் கொஞ்சம் திரும்பியதும் அடுத்த ஃப்ரேமில் முகம் ஒரேயடியாக இருட்டு. ஒரே இடம், ஒரே வெயில்! இன்னொன்று, தண்ணீரில் மினுங்குகிற ஒளி, பின்னணியில் வட்டமாக வர வேண்டியது, ஒரு பக்கம் நறுக்கிய மாதிரி இருக்கிறது.

ஸ்கிரீனில் காட்டினேன். "என்னய்யா, பவுடர் பூசுன மாதிரில்லா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. கேமராவைக் குறை சொல்ல வரவில்லை, நான்தான் எதையோ மாற்றாமல் விட்டிருக்கிறேன். எதை?

கோவை 85எம்எம்:

அண்ணா, எந்தக் கம்பெனி கேமராவும் இதைத்தான் செய்யும். வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு ஆளைத் தெரியாது. தான் பார்ப்பதைச் சுமார் 18 சதவீதம் ஒளியைத் திருப்பித் தருகிற நடுச்சாம்பலாக நினைத்துக் கணக்குப் போடும். கறுப்புத் தோல் அதைவிடக் குறைவாகத்தான் திருப்பித் தரும். முகத்தைக் கண்டுபிடித்ததும் எவாலுவேட்டிவ் மீட்டரிங் (ஃப்ரேம் முழுவதையும் பார்த்து அளக்கிற முறை) அந்த இடத்துக்கு அதிக எடை கொடுத்து, அதைச் சாம்பலுக்கு ஏற்றிவிடுகிறது. சித்தி திரும்பி முகம் துண்டுக்குள் மறைந்தால், மிச்சம் இருப்பது உப்பு. இப்போது உப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருண்டுவிடும். நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே காரணத்தால் வருவது.

வெயில் மாறாத இடத்தில் ஏவி வேண்டாம், எல்லா அளவையும் கையால் வைக்கிற எம் மோடுக்குப் போய்விடுங்கள். உப்பின் விவரம் அழியாத அளவுக்கு ஷட்டரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டுகிற வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் ஒரு தடவை வைத்துவிட்டால் போதும். சித்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் அளவு மாறாது. உப்பளத்து வெளிச்சத்தில் கண் சுருங்கியிருக்கும், அதனால் ஸ்கிரீனையோ வியூஃபைண்டரையோ பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். ஏவியிலேயே எடுத்தாக வேண்டுமென்றால் கேமரா போட்ட வெளிச்சக் கணக்கைக் கூட்டிக் குறைக்கிற காம்பன்சேஷனை மைனஸ் 2/3இல் தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் மெனுவில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் ஸ்டாண்டர்டில் இருக்கும், அணைத்துவிடுங்கள். நிழலைத் தானாகத் தூக்குவது அதன் வேலை. ரா ஃபைலை (சென்சார் பதிந்த மூலப் படத்தை) அது தொடாது, ஆனால் சித்தி பார்த்த ஸ்கிரீன் படத்தில் அதன் கையும் இருக்கும். படத்தின் நிறத்தை அமைக்கிற பிக்சர் ஸ்டைலை ஆட்டோவிலிருந்து ஃபெய்த்ஃபுல்லுக்கு, ஒயிட் பேலன்ஸை டேலைட்டுக்கு மாற்றுங்கள்.

நறுக்கிய வட்டம், எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனால் வருவது. திறப்பு எலக்ட்ரானிக்காகவும் மூடுவது திரையாகவும் நடக்கும். லென்ஸை அகலமாகத் திறந்து வைத்து 1/4000 போனால் அந்த இரண்டுக்கும் நடுவே ஒளிவட்டம் வெட்டுப்படும். ஷட்டர் மோடில் மெக்கானிக்கல் வைத்தால் முழு வட்டம் வரும்.

இருட்டறை:

தம்பி, நான் மினி லேபில், ஃபிலிமைக் கழுவி மெஷினில் படம் போடுகிற கடையில், பிரிண்ட் போட்டவன். மெஷின் தன் போக்கில் போட்டால் நம்ம ஊர் முகம் எல்லாம் சாம்பலாகத்தான் வரும். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் பிரிண்டை அடர்த்தியாக்குகிற டென்சிட்டி கீயை ஒன்று, இரண்டு கூட்டி அழுத்துவேன். அப்போதுதான் ஆள் ஆளாக வருவார். கலர் சரிபார்க்க லேப்களில் பயன்பட்ட ஷெர்லி கார்டில் பல காலம் வெள்ளைக்காரப் பெண் முகம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று எண்ணிய காலம் அது.

உன் சித்தியின் தோலில் மினுக்கம் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். கறுப்பு முகத்துக்கு உருவம் கொடுப்பது அந்த மினுக்கம்தான்: நெற்றி, கன்னத்து எலும்பு, மூக்கு நுனி. அதைக் காப்பாற்று, மற்றதை இருட்டாகவே விடு. எடிட் செய்யும்போது, நிழலை வெளுப்பாக்குகிற ஷேடோ ஸ்லைடரில் கை வைக்காதே. மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார். பெரிய பிரிண்ட் போடும் முன் அதே பேப்பரில் முகம் மட்டும் சின்னதாக ஒரு துண்டு போட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்.

நாகை அலை:

நான் மீனவப் பெண்களைப் படம் எடுக்கிறவள். அண்ணா, உப்புத் தரை கீழேயிருந்து ஒரு ரிஃப்ளெக்டர் மாதிரி ஒளியை அடிக்கும். தாடைக்கு அடியில் நிழலே இல்லாமல் முகம் தட்டையாகப் போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கறுப்புப் போர்வையோ பெரிய கறுப்புத் துணியோ எடுத்துப் போய் அவர் காலடியில், ஃப்ரேமுக்குள் வராத மாதிரி விரித்துப் பாருங்கள். கழுத்துக்கு மேல் உடனே வடிவம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், புதுக் கேமரா என்கிறீர்கள். அங்கே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து உடம்பு, அடாப்டர், டயல் இடுக்கு எல்லாம் துடைத்துவிட்டு, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியை முதலில் போட்டுத் தேய்த்தால் உப்புத் தூள் கேமரா உடம்பைக் கீறிவிடலாம்.

முத்துநகர் படம்:

இன்று காலை மறுபடி போய் வந்தேன். எம் மோடு, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100, மெக்கானிக்கல் ஷட்டர். ஆப்டிமைசரை அணைத்தேன், ஃபெய்த்ஃபுல், டேலைட் வைத்தேன். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் ஷட்டரை ஒரு தடவை ஏற்றியதோடு சரி. உப்பில் பரல் பரலாக விவரம் தெரிகிறது, தண்ணீர் ஒளியும் முழு வட்டமாக வந்தது.

நாகை தங்கச்சி, அந்தக் கறுப்புத் துணிக்குத் தனியாக நன்றி. வீட்டில் துணி இல்லை, கடையிலிருந்த பழைய கறுப்புப் பின்னணித் திரையை மடித்துக்கொண்டு போனேன். அதை விரித்த ஃப்ரேமையும் விரிக்காத ஃப்ரேமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரித்ததில் சித்தியின் தாடை எலும்பு அப்படியே எங்கள் ஆச்சியுடையது. இத்தனை நாள் நான் அதைக் கவனித்ததில்லை.

இருட்டறை ஐயா, ஷேடோவைத் தொடவில்லை. 12க்கு 18 அங்குலத்தில், பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போடலாம் என்று இருக்கிறேன். மேட்டில் கறுப்பு கொஞ்சம் அடங்கிவிடுகிறதே, அந்த நெற்றி மினுக்கம் நிற்குமா, இல்லை லேசாகப் பளபளக்கிற லஸ்டர் பேப்பருக்குப் போகட்டுமா? ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்கு வருகிறார், அதற்குள் மாட்டிவிட வேண்டும்.

இருட்டறை:

லஸ்டர் போடு. கண்ணாடி போடாமல் மாட்டு.