ஞாயிறு செய்து வைக்கும் முழுத்தானிய சாலட்: வேலை நாள் மதியத்துக்கு உங்களுக்குச் சரிப்பட்டதா?

பீடோங்காரி எழுதியது:

கெடாவில் பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குத் தினமும் மோட்டாரில் வேலைக்குப் போகிறவள் நான். மதியம் கேண்டீனில் கலப்புச் சோறு. சோறு மலைபோல் இருக்கும், அதன் தலையில் மூன்று வகைக் குழம்பு, ஓரத்தில் பேருக்கு இரண்டு துண்டு வெள்ளரிக்காய். போன வருடம் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிப்பு நீர் (நீரிழிவு) வாசற்படியில் நிற்கிறது என்றார்கள். கிளினிக் சுவரில் இருக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டுப் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். கேண்டீனில் பாதித் தட்டுக் காய் கேட்டால் எண்ணெயில் மிதக்கும் முட்டைக்கோசுதான் வருகிறது. சரி, நாமே கட்டிக்கொண்டு போவோம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு நடந்தது இது. இரண்டு கப் பழுப்பரிசி வேகவைத்தேன். ஆவி பறக்கப் பறக்க அதிலேயே வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, ஐந்து டப்பாவில் அடைத்து மூடினேன். மேசையில் வரிசையாக அடுக்கி, பார்க்க அழகாக இருந்ததால் படம்கூட எடுத்தேன். அப்படியே தூங்கிப்போய், நடுச்சாமத்தில் எழுந்துதான் ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை டப்பாவின் அடியில் அரை விரல் தண்ணீர். புதன்கிழமை மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசை அக்கா திரும்பிப் பார்த்தார். புளித்த வாசனை என்றுகூடச் சொல்ல முடியாது, ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த வாசனை. மிச்ச மூன்று டப்பாவும் குப்பைக்குப் போயின. கோழிக்குப் போடக்கூட மனம் வரவில்லை.

அம்மா சிரித்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். காலைச் சாப்பாடு தூக்குச்சட்டியில் கூடவே போகும். "சுடுசோற்றை மூடினா வேர்க்காதா? நாங்க ராத்திரியே வடிச்சு, தட்டுல ஆற விட்டுத்தான் தூக்குல போடுவோம். சம்பல் தனியா, சோறு தனியா. நீ எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துட்டு, கெட்டுப்போச்சுங்கிறே." ஒரு மாதமாகத் தடுமாறி நான் கண்டுபிடித்ததை அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

இப்போது தானியம் தனி, காய் தனி, சாறு தனி. மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? கெட்டுப்போன கதை இருந்தால் அதையும் எழுதுங்கள், எனக்குத் துணையாக இருக்கும்.

ஆலை அண்ணன் எழுதியது:

தங்கச்சி, என் கதை உங்கள் கதையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான் செம்பனை ஆலையில் ஷிப்ட். அங்கே சாப்பாடு வைக்க ஐஸ் பெட்டி கிடையாது, பாய்லர் பக்கம் நின்றால் நாமே வெந்துவிடுவோம். வீட்டுக்காரி பார்லி சாலட் கட்டிக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கு மோட்டார் பெட்டியில் வைத்ததைப் பகல் ஒரு மணிக்கு எடுத்தேன். நல்ல பசி, யோசிக்காமல் தின்றேன். மாலை நான்கு மணியிலிருந்து என்னைக் கழிவறையில்தான் தேட வேண்டியிருந்தது. மேலே எழுதத் தேவையில்லை.

இப்போது ராத்திரியே ஒரு சின்னப் போத்தலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன் (நிறைய ஊற்றினால் போத்தல் வெடிக்கும், அதையும் பார்த்தாயிற்று). காலையில் வெள்ளிப் படலம் வைத்த குளிர்ப்பையில் டப்பா மேல் அதைப் படுக்க வைத்தால், பகல் ஒரு மணிக்கும் டப்பா கையில் சில்லென்று இருக்கிறது. உருகிய தண்ணீர் குடிக்க ஆகிவிடும். பை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியதுதான்.

பார்லி எனக்குப் பிடித்த தானியம். மூன்று நாளானாலும் மெல்ல மெல்லச் சவ்வு மாதிரி இருக்கும், குழையாது.

ஓய்வு பெற்ற டீச்சர் எழுதியது:

தம்பி, மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பார்லி முழுத்தானியம் அல்ல. உமியோடு தவிட்டையும் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். வெள்ளைச் சோற்றைவிடத் தேவலை, அவ்வளவுதான். சீனக் கடையில் 'பெரிய பார்லி' என்று கேட்டு வாங்குவது பார்லியே இல்லை, வேறொரு புல்லின் விதை. சூப்புக்கு நன்றாக இருக்கும்.

நான் பார்த்தவரை, குளிர வைத்துத் தின்ன முழுக் கோதுமைக்கு நிகர் இல்லை. மாவு அரைக்க விற்கும் அதே கோதுமைதான். ராத்திரி ஊறவைத்து, மறுநாள் குக்கரில் ஆறு விசில், பிறகு தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு மணியும் பல்லில் பட்டு நிற்கும். பழுப்பரிசியைக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து இறுகி மணல் மாதிரி ஆகிவிடும். சாப்பிடும் முன் கொஞ்சம் சூடு காட்டினால்தான் தொண்டையில் இறங்கும்.

தினையில் நான் பட்ட பாடு வேறு. உப்புமா அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன், களி வந்தது. என் பேரன் அதைப் பிள்ளையார் பிடித்து விளையாடினான். அப்புறம் சோறு வடிக்கிற மாதிரியே செய்து பார்த்தேன். நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் ஊறிய தினையைப் போட்டு, ஏழாம் நிமிடத்திலிருந்து நாலு மணியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பேன். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பதம். அந்தக் கணமே வடிகட்டியில் கொட்டிவிட வேண்டும். வடிகட்டியிலேயே மிச்சம் வெந்துவிடும். தட்டில் பரப்பி ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் கையால் உதிர்த்தால் ஒட்டாது.

மேலே ஊற்ற நான் வெளிநாட்டுச் சாறெல்லாம் தேடுவதில்லை. கொல்லைப்புறத்தில் லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை காய்க்கிறது. நாலு பழம் பிழிந்து, உப்பு, நுணுக்கிய மிளகு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த ஒரு கரண்டி எண்ணெய். கோசுமல்லிக்குச் செய்வதுதான். பாசிப்பருப்பையும் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பச்சையாகவே சேர்ப்பேன், ஆனால் அன்றைக்கு அன்றைக்கு.

குருண் தாதி எழுதியது:

ஆலை அண்ணே, உங்களுக்கு என்ன கிருமி என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் சோறு, தானியம் என்றாலே எங்களுக்குப் பாசில்லஸ் செரியஸ் நினைவுக்கு வரும். அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் பிழைத்திருக்கும். வெந்த தானியம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சில் வாந்தி எடுக்க வைக்கிற ஒன்று மறுபடி சுட வைத்தாலும் போகாது. "நல்லாச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன்" என்று வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் வலிக்கிறது.

வீட்டில் நான் செய்வது: வெந்ததும் அகலத் தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி, காற்றாடியைப் போட்டுவிடுவேன். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுவதில்லை. ஐஸ் பெட்டிக்குள் 4 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். ஞாயிறு செய்தது புதன் வரைக்கும்தான். வியாழன், வெள்ளிக்கு உள்ளதை ஞாயிறே உறைபெட்டியில் போட்டுவிடுங்கள், தானியம் உறைந்து இளகினாலும் கெடாது. வெள்ளரிக்காய் மட்டும் உறைபெட்டிக்கு ஆகாது, துணி பிழிகிற மாதிரி ஆகிவிடும்.

பீடோங்காரி அக்கா, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2023 மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, ஆறு பேரில் ஒருவர். 2019-இல் 18.3 விழுக்காடு. குறைந்திருக்கிறது என்றாலும் என் கவுண்டர் வரிசையில் அந்தக் குறைவு தெரியவில்லை. முழுத்தானியமும் மாவுச்சத்துதான், கால் தட்டுக் கணக்கு அதற்கும் உண்டு. டப்பா நிறையக் கோதுமை கட்டிக்கொண்டு "சாலட்தானே" என்று சொல்லாதீர்கள்!

பீடோங்காரி எழுதியது:

மாட்டிக்கொண்டேன், டப்பா நிறையத்தான் கட்டினேன்.

எல்லோர் சொன்னதையும் சேர்த்து இந்த ஞாயிறு செய்தேன். ஒரு கப் கோதுமை ஊறவைத்து வேகவைத்ததில் ஐந்து பங்கு வந்தது, மூன்று கீழே, இரண்டு உறைபெட்டியில். காய்க்குச் சந்தையில் காச்சாங் போத்தோல் (சிறகவரை) வாங்கினேன். குறுக்கே வெட்டினால் நாலு மூலை நட்சத்திரம் மாதிரி விழும், ஆனால் ராத்திரியே வெட்டி வைத்தால் ஓரம் கறுக்கிறது. அதனால் காலையில் பசியாறும்போதே வெட்டுகிறேன், இரண்டு நிமிட வேலை. வல்லாரையைத் தண்டு கிள்ளிக் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, தனி டப்பாவில் காகிதம் விரித்து வைத்தால் மூன்றாம் நாளும் நிமிர்ந்து நிற்கிறது. மலாய்க்காரர்கள் உலாம் என்று சோற்றோடு பச்சையாகவே தின்கிறார்களே, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) சொல்லித்தான் அதைக் கலந்தேன். அவர் வறுத்த தேங்காயும் போடச் சொன்னார். போட்டேன், அதில்தான் எனக்குச் சாலட் என்ற நினைப்பே போனது. சாறு பழைய மருந்துப் போத்தலில் வருகிறது. அவித்த முட்டை ஒன்று. வறுத்த வேர்க்கடலை காகிதப் பொட்டலத்தில், கடைசியில்தான் தூவ வேண்டும், இல்லாவிட்டால் நமுத்துவிடும்.

நேற்று ஒரு டப்பாவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து கேட்டேன்.

"மாட்டுக்குப் போடுறது மாதிரி இருக்கு" என்றார்.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். வல்லாரை பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. வேர்க்கடலைப் பொட்டலத்தையும் தேங்காயையும் காணோம்.