எள் வயல் அந்துப்பூச்சி: 'கூட்டுப்புழு'வுக்கு மாற்றுச் சொல்?

அன்புடையீர்,
எள் உழவர்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு, பின்புறம் வளைந்த கொம்போடு இலையைத் தின்று கொழுக்கும். பிறகு செடியைவிட்டு இறங்கி மண்ணுக்குள் புகும். அங்கே பட்டுப்புழுவைப்போல் நூல் நூற்பதில்லை. பளபளக்கும் பழுப்பு ஓட்டுக்குள் வெறும் மண்ணறையில் கிடக்கும். ஆழ உழுதால் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். 'கூட்டுப்புழு' என்று போட்டால் உழவர் கூட்டையல்லவா தேடுவார்? நல்ல சொல் தாருங்கள்.
ப.செ.

செ. அவர்களே,
'குடம்பை' இருக்கிறதே! "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே" (குறள் 338). பரிமேலழகர் அதற்கு முட்டை என்றே பொருள் கொண்டார். கூடு என்றால் பறவை மீண்டும் வந்து புகும், உடம்புக்கு உவமையாகாது என்றார். அந்துப்பூச்சியும் ஓட்டைப் பிளந்து வெளியேறினால் திரும்புவதில்லை. வேர் 'குட': வளைவு. குடம், குடை, குடா எல்லாம் அதன் பிள்ளைகள்.
நா.க.

ஐயா,
இலங்கைப் பாடநூல்களில் 'குடம்பி' என்றால் இலை தின்னும் புழுப்பருவம். அடுத்த பருவத்தைக் குடம்பை என்றால் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். எங்களுக்கும் கூட்டுப்புழுதான் பழக்கம்.
த.அ., யாழ்ப்பாணம்

'உறங்குபுழு' என்றால் யாருக்கும் புரியுமே? இந்த அந்துதான் இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேனைக் குடிக்கும். பிடித்தால் கீச்சென்று கத்தும். அதையும் துண்டறிக்கையில் சேருங்கள், ஆர்வமாகப் படிப்பார்கள்.
மு.வ.

உறக்கமா? உள்ளே புழுவின் தசை பெரும்பாலும் சிதைந்து, சிறகும் உறிஞ்சுகுழலும் உருவாகின்றன. உடம்பு முழுக்க வேலை நடக்கும் பருவத்துக்கு அந்தப் பெயரை ஒப்ப முடியாது. மண்ணறையும் ஒரு கூடுதானே? 'மண்கூட்டுப்புழு' என்று எழுதுங்கள். கையில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு எங்கே பார்ப்பது என்று உடனே தெரியும்.
இரா.மா.

எனக்கும் மண்கூட்டுப்புழு சம்மதம்.
த.அ.

சரி. 'மண்கூட்டுப்புழு' என்று போட்டு, பக்கத்தில் 'பழுப்பு நிறம், வழவழப்பான ஓடு, கால் இல்லை' என்று படத்தோடு விளக்கிவிடுகிறேன். தேன்கூட்டுச் செய்திக்கு இடமில்லை, மு.வ. ஐயா பொறுக்கவும்.
ப.செ.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். புழுவே இல்லாத பருவத்தில் 'புழு' அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடம்பி, குடம்பை குழப்பத்துக்கு அஞ்சினால், குடம்பியை மாற்றுவதைப் பற்றியும் பேசலாமே.
நா.க.