துக்கத்தில் இருப்பவர்களிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

அனைவருக்கும் வணக்கம். சாவையும் துக்கத்தையும் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று முதுகலை ஆய்வேட்டுக்காகப் படித்துவருகிறேன். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளைத் துக்கத்தின் படிக்கட்டாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் பேசியதோ சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். உறவை இழந்தவர்களுக்கு அதை அப்படியே பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், 6 மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கும் கடும் துக்கத்தைக் கோளாறு என்கிறது. அவரவர் பண்பாட்டு வழக்கத்தையும் அது மீறியிருக்க வேண்டுமாம். அந்த வழக்கத்தை யார் வரையறுப்பது? என் ஆய்வே இந்தக் கேள்விதான்.

சென்ற வாரம் கணவரை இழந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். "எப்போது இறந்தார்?" என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார், பதில் வரவில்லை. நானும் குறிப்பேட்டை மூடிவிட்டேன். எடுத்த எடுப்பில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

இப்படி நேர்காணல் செய்தவர்கள், மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிப்பவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்: பேச்சை எங்கிருந்து தொடங்குவீர்கள்? அவர்கள் அழுதால் நிறுத்திவிடுவீர்களா, காத்திருப்பீர்களா? அடுத்த வாரம் இன்னும் மூவரைச் சந்திக்கிறேன்.